நெல் விளையும் ஊரில் ஒரு திரைப்பட விழா

ஃபுகுஷிமாவைத் தாண்டி மேற்கே திரும்பியதும் ட்சுபாசா ரயில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஓவு மலைத்தொடரின் இதாயா கணவாய் அவ்வளவு செங்குத்து. பழைய நாட்களில் வண்டிகள் இங்கே முன்னும் பின்னுமாக நகர்ந்து நகர்ந்துதான் மேலே ஏறியிருக்கின்றன. கணவாயின் உச்சியில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. இறங்கினால் யொனெசாவா சமவெளி, கண்ணுக்கு எட்டும் வரை வயல். அறுவடை முடிந்த இடங்களில் ஆளுயரக் கம்புகளை நட்டு, அவற்றைச் சுற்றி நெற்கட்டுகளை அடுக்கிக் காயவைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் ஆட்கள் வரிசையாக நிற்பது போலத் தெரிகிறது.

2019 அக்டோபரில் அந்த ரயிலின் ஜன்னலோரம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சினிமா பற்றிப் பத்திரிகைகளில் எழுதுபவர். காவிரிக் கடைமடை விவசாயிகளைப் பற்றி ஓர் ஆவணப்படத்தையும் எடுத்துக்கொண்டிருப்பவர். அவர் போய்க்கொண்டிருந்தது யமகதா சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு. அன்றன்றைக்குப் பார்த்ததை எழுத வேண்டும் என்பது ஒரு வேலை. பாதியில் நிற்கும் தன் படத்தை எப்படி முடிப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று.

யமகதா வடகிழக்கு ஜப்பானின் ஒரு மாவட்டத் தலைநகர். மக்கள்தொகை சுமார் இரண்டரை லட்சம். செர்ரிக்கும் பேரிக்காய்க்கும் பெயர்போன விவசாய ஊர். நகராட்சியாகி நூறு ஆண்டு நிறைந்ததை 1989-இல் கொண்டாடியபோது, ஓர் ஆவணப்பட விழாவைத் தொடங்கினார்கள். ஆவணப்படங்களுக்கென்றே ஆசியாவில் தோன்றிய முதல் சர்வதேச விழா அதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், அறுவடைக் காலமான அக்டோபரில் நடக்கிறது. டோக்கியோவிலிருந்து இத்தனை தொலைவில், மலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது? விடை யமகதாவுக்கு முந்தைய நிலையத்துக்கு அருகில் இருக்கிறது.

கமினோயாமா வெந்நீர் ஊற்றுகளின் ஊர். அதன் ஓரத்தில் மகினோ என்ற சிற்றூர். 1970-களின் நடுவில் ஒகாவா ஷின்சுகே என்ற இயக்குநர் தன் குழுவோடு இங்கே வந்து குடியேறினார். அதற்கு முன் அவர்கள் இருந்தது டோக்கியோவுக்கு அருகே சன்ரிசுகாவில். நரிதா விமான நிலையத்துக்காக 1966-இல் அரசு நிலம் கேட்டபோது விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். பெண்கள் தங்களைச் சங்கிலியால் மரங்களோடு பிணைத்துக்கொண்டார்கள். ஒகாவாவின் குழு அந்த ஊர்களிலேயே தங்கி, 1968 முதல் 1977 வரை தொடராகப் படங்கள் எடுத்தது. கேமரா நின்றது விவசாயிகளின் பக்கம். காவல்துறையின் கேடயங்கள் எதிரே வருவதைப் பார்ப்பவரும் விவசாயியின் இடத்தில் நின்றே பார்க்க வேண்டியிருக்கும். காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் போராடுவதை அறிந்தவர்களுக்கு அந்தப் படங்கள் அரை நூற்றாண்டுக்கு முந்தையவை என்று தோன்றாது.

சன்ரிசுகாவில் ஒகாவா ஒன்றை உணர்ந்தார். விவசாயிகளின் கோபத்தைப் படம் பிடித்தாயிற்று, அவர்கள் உயிரைக் கொடுத்துக் காக்க நினைத்த மண்ணைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியவில்லை. ஆகவே, மகினோவில் வாழ்ந்த விவசாயி-கவிஞர் கிமுரா மிச்சியோவின் அழைப்பை ஏற்று இங்கே வந்தார். குழுவினர் தாங்களே வயலில் இறங்கிச் சாகுபடி செய்தார்கள். நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்தார்கள். நெற்பூ விரிந்து மூடுவதை நெருக்கத்தில் படம் பிடித்தார்கள். பக்கத்து மலையூரான ஃபுருயாஷிகியைப் பற்றி 1982-இல் வந்த படத்தில், விளைச்சலைக் கெடுத்த குளிர்காற்று எந்த வழியாக இறங்கியது என்பதைப் பள்ளத்தாக்கின் மாதிரி ஒன்றைச் செய்து புகையை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். பதின்மூன்று ஆண்டு உழைப்பில் உருவான மகினோ படம் 1987-இல் வெளியானபோது, அதற்கென்றே கியோட்டோவில் மண்ணும் மரமும் வைக்கோலும் கொண்டு ஒரு திரையரங்கைக் கட்டினார்கள்.

வழியில் இறங்கிப் போனபோது மகினோவில் பார்ப்பதற்கு வயல்களும் பழம் தொங்கும் சீமைப்பனிச்சை மரங்களும்தான் இருந்தன. கிழவி ஒருவர் வாசலில் குந்தி அவரையை உரித்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரருக்கு அந்த வயல்வரப்பில் நிற்பதே போதுமாக இருந்தது. எழுதுகிறவர் ஓர் ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத ஒரு பகல் போதும் என்று நினைப்பார். இங்கே ஒருவர் அதே ஊருக்குப் பதின்மூன்று ஆண்டு கொடுத்திருக்கிறார். கடைமடைக்குத் தண்ணீர் வரும் மாதத்தில் போய், வராத மாதத்தில் திரும்பிவிடும் படப்பிடிப்பு எப்படிப்பட்ட படத்தைத் தரும் என்ற கேள்வி அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது.

யமகதாவில் விழா அரங்குகள் எல்லாம் நடந்தே போகும் தூரத்தில். நனோகமாச்சி தெருவின் மத்தியப் பொதுமன்றம், நகர்மன்றம், கலை அருங்காட்சியகம், ஃபோரம் திரையரங்கு. சோபா நூடுல்ஸ் கடைகளிலும் சலூன்களிலும் விழாச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. வழிகாட்டுவோர், மொழிபெயர்ப்போர், நுழைவுச்சீட்டு கிழிப்போர் பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து நாளேடு ஒன்றைத் தயாரிக்கிறார்கள். நேற்றைய இயக்குநரின் நேர்காணல் இன்று காலை உங்கள் கையில் இருக்கும். விழாக்காரர்கள் எழுத்துக்குக் கொடுக்கும் மதிப்பு அவரை வியக்கவைத்தது. 'டாக்குமென்டரி பாக்ஸ்' என்ற இதழை 1992 முதல் 2007 வரை ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இந்த விழா வெளியிட்டிருக்கிறது. ஆசிய நாடுகளின் இளம் விமர்சகர்களை அழைத்து, படம் பார்க்கவும் உடனே எழுதவும் எழுதியதைக் கூடிப் பேசவும் பயிலரங்கு நடத்துகிறது. படத்தொகுப்பு முடியாத படங்களைத் திரையிட்டு விவாதிக்கும் 'ரஃப் கட்' அமர்வும் உண்டு. எழுதுகிறவரும் படமெடுக்கிறவரும் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே வர வேண்டியதில்லை.

முதல் விழாவில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்த அக்கறையின் வேர் புரியும். 1989-இல் போட்டிப் பிரிவுக்கு ஆசியாவிலிருந்து ஒரு படம்கூடத் தேறவில்லை. பிலிப்பைன்ஸின் கிட்லாட் தஹிமிக் உட்பட வந்திருந்த ஆசிய இயக்குநர்கள் கூடிப் பேசினார்கள். திறமை இருக்கிறது, படம் எடுக்கவும் காட்டவும் வழிதான் இல்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒகாவா அந்தக் கூட்டத்துக்கு முதுகெலும்பாக இருந்தார். ஆசியப் படங்களுக்கென்று தனிப் பிரிவு பிறந்தது அதன் விளைவாகத்தான். ஒகாவா 1992-இல் இறந்தார். அந்தப் பிரிவின் முதற்பரிசு அவர் பெயரில் வழங்கப்படுகிறது. நவோமி கவாசே போன்றவர்கள் தொடக்க காலத்தில் இங்கே கவனம் பெற்றவர்கள். இந்தியாவின் ஆனந்த் பட்வர்தனின் 'தந்தை, மகன், புனிதப் போர்' 1995-இல் இங்கே பரிசு பெற்றது.

2019-இன் பெரும்படம் வாங் பிங்கின் 'இறந்த ஆன்மாக்கள்'. நீளம் எட்டேகால் மணி நேரம். 1957-இல் சீனாவில் வலதுசாரிகள் என்று முத்திரை குத்தப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கான்சூ மாகாணத்தின் ஜியாபியன்கௌ முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பஞ்சத்தில் பெரும்பாலோர் அங்கேயே செத்தார்கள். தப்பிய சிலரை வாங் பிங் 2005 முதல் தேடித்தேடிச் சந்தித்துப் பேசவைத்திருக்கிறார். படத்தில் பெரும்பாலும் ஒரு நாற்காலி, ஒரு கிழவர், ஒரு ஜன்னல். ஒருவர் பேசத் தொடங்கி அரைமணி நேரம் பேசுகிறார். அடுத்த காட்சியில் அவருடைய இறுதிச்சடங்கு. யமகதா மக்கள் மடியில் சோற்றுப்பெட்டியோடு வந்திருந்தார்கள். இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு அவரவர் இருக்கைக்குத் திரும்பினார்கள்.

எழுதுகிறவர் முதல் ஒரு மணி நேரம் குறிப்பெடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். அதன்பின் விழித்துக்கொண்டது படமெடுக்கிறவரின் கண். கேமரா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, கிழவர் அழும்போது ஏன் நெருங்கவில்லை, மனைவி குறுக்கே புகுந்து கணவனைத் திருத்துவதை ஏன் வெட்டாமல் விட்டார்? ஒரு வாக்குமூலத்தை மூன்று நிமிடமாகக் கத்தரிப்பது பேசியவருக்குச் செய்யும் அநியாயமாகிவிடும் என்பதை அந்த நீளமே சொல்லிக்கொடுத்தது. விழாவின் பெரும்பரிசும் அந்தப் படத்துக்கே போனது. 2003-இல் ஒன்பது மணி நேரப் படமான 'தண்டவாளங்களுக்கு மேற்கே', 2007-இல் 'ஃபெங்மிங்', இப்போது இது. ஒரே இயக்குநர் மூன்று முறை.

எழுத்தும் படமும் ஒருவர் கையிலேயே இருப்பது தமிழுக்குப் புதிதல்ல. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் பயண எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர், தமிழின் முதல் பெரிய ஆவணப்படத்தை எடுத்தவர். 1930-களில் டோக்கியோவுக்கு வந்து புகைப்படக்கலை படித்திருக்கிறார், பிறகு நியூயார்க்கில். 1937 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவிலிருந்து கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. பல நாடுகளில் சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, பலர் வெவ்வேறு காலங்களில் எடுத்த 50,000 அடி படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்துத் தமிழ் வருணனையோடு 1940-இல் வெளியிட்டார். பயணங்களை எழுதவும் செய்தார், 'குமரி மலர்' இதழைப் பல ஆண்டுகள் நடத்தவும் செய்தார். கேமரா பிடிக்க அவர் கற்ற நாட்டில் நின்று அவரை நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. அவர் பெயரில் ஓர் ஆவணப்பட விழா தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊரில் நடந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் தஞ்சாவூர்க்காரரின் குறிப்பேட்டில் பல பக்கங்களுக்கு ஓடுகிறது.

விழா நடந்துகொண்டிருக்கும்போதே அக்டோபர் 12 மாலை ஹகிபிஸ் புயல் இசு தீபகற்பத்தில் கரையேறியது. டோக்கியோ பக்கத்து ரயில்கள் நின்றன. மலைக்கு அந்தப் பக்கம் அபுகுமா ஆறு கரை உடைத்து ஃபுகுஷிமா, மியாகி ஊர்களுக்குள் புகுந்தது. அரங்கின் வெளியே நின்ற உள்ளூர்க்காரர்கள் கைபேசியில் உறவினர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சூழலில்தான் 'சினிமா வித் அஸ்' பிரிவின் படங்களைப் பார்க்க நேர்ந்தது. 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நிலநடுக்கமும் சுனாமியும் அணு உலை விபத்தும் கிழக்குக் கரையைச் சிதைத்தன. மலைக்கு மேற்கே இருந்ததால் யமகதா தப்பியது. ஃபுகுஷிமாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இங்கே தஞ்சம் புகுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விழா நடந்தபோது பேரிடர்ப் படங்களுக்கென்று இந்தப் பிரிவைத் தொடங்கினார்கள். அது அதோடு முடியவில்லை. 2014-இல் அந்தப் படங்களைச் சேகரித்துக் காக்கும் காப்பகம் ஒன்றும் அமைந்தது. பின்னாளில் ஆஸ்கர் பெற்ற ஹமகுச்சி ரியூசுகே, சகாய் கோவுடன் சேர்ந்து எடுத்த சுனாமிப் படங்களில் இடிபாடுகள் அனேகமாக இல்லை. அக்கா தங்கை, கணவன் மனைவி, பழைய நண்பர்கள் என இருவர் எதிரெதிரே உட்கார்ந்து அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 2004 டிசம்பர் 26 அன்று 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த நாட்களில் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் எத்தனையோ கேமராக்கள் வந்துபோயின. அந்தப் பதிவுகள் எல்லாம் எந்த அலமாரியில், எந்தப் பழுதான வன்தட்டில் கிடக்கின்றன? உயிர் பிழைத்த மீனவத் தாய்மாரின் குரலை அவர்கள் பேரப்பிள்ளைகள் எங்கே போய்க் கேட்பார்கள்? ஒரு விழா நினைத்தால் காப்பகம் அமைக்க முடியும் என்பதற்கு யமகதா சாட்சி.

வடகிழக்கு இந்திய ஆவணப்படங்களுக்கென்று அவ்வாண்டு ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். 'வசந்தத்தின் சலசலப்பு, வெடிமருந்தின் வாடை' என்ற பொருளில் அதற்குப் பெயர். ஆயுதப்படைகளின் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் 1958 முதல் வாழ்ந்த நிலப்பகுதிகளின் பாட்டும் நெசவும் துக்கமும் அந்தத் திரையில் வந்தன. தஞ்சாவூர்க்காரர் மணிப்பூர்ப் படங்களை இத்தனை பேரோடு ஓர் அரங்கில் உட்கார்ந்து பார்ப்பது அதுவே முதல்முறை. சொந்த நாட்டின் படங்களைப் பார்க்க ஜப்பான் வர வேண்டியிருந்தது என்பதை அவர் வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறார். 2004-இல் மும்பை விழா இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று கேட்டது. இயக்குநர்கள் எதிர்த்துத் திரண்டு, 'விகல்ப்' என்று மாற்று விழாவே நடத்தினார்கள். அந்த நாளிலிருந்து இன்றுவரை, எந்தப் படத்தை யார் எங்கே காட்டலாம் என்ற வழக்கு நம் ஊரில் ஓயவில்லை.

இடையில் ஒரு காலை யமாதெராவுக்கு. செங்குத்தான பாறைச்சரிவில் 860-ஆம் ஆண்டு எழுந்த பௌத்தக் கோயில் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள் தேவதாரு மரங்களின் நடுவே ஏறுகின்றன. கவிஞர் பாஷோ 1689-இல் இங்கே வந்தார். அவருடைய வடதிசைப் பயண நூலின் புகழ்பெற்ற நிறுத்தங்களில் ஒன்று இது. வழித்துணையாக வந்த சோரா தனியே நாட்குறிப்பு வைத்திருந்தார். இரண்டையும் ஒப்பிட்டவர்கள், பாஷோ தன் பயணத்தின் வரிசையையும் நிகழ்வுகளையும் சில இடங்களில் மாற்றி அமைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதிய நூல் அது. நடந்ததை வைத்தே ஒன்றைப் படைப்பவர் எந்த அளவு வரிசையை மாற்றலாம் என்பது ஆவணப்படக்காரர்களும் தொகுப்பு மேசையில் தினம் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

அக்டோபர் யமகதாவில் இமோனிக் காலமும்கூட. மாமிகசாகி ஆற்றங்கரையில் கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சேப்பங்கிழங்கு, மாட்டிறைச்சி, வெங்காயத்தாள் போட்டு சோயாச் சாற்றில் கொதிக்கவைக்கிறார்கள். மூலைக்கடைகளில் விறகுக்கட்டு விற்பனைக்கு வந்துவிடுகிறது. கடற்கரைப் பக்கத்தில் பன்றி இறைச்சியும் மிசோவும் போடுவார்கள், எது சரியான இமோனி என்று இரு பகுதியாருக்கும் தீராத வாக்குவாதம். செப்டம்பர் திருவிழாவில் ஆறரை மீட்டர் அகலக் கொப்பரையில் சுமார் 30,000 பேருக்குச் சமைக்கிறார்கள். சேப்பங்கிழங்கு வெந்து குழம்போடு வழுக்கிக்கொண்டு போகும் பதம் தஞ்சாவூர் நாக்குக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் எல்லோரும் கொமியானுக்குப் போனார்கள். மாருஹாச்சி யதராசுகே என்ற பழைய ஊறுகாய்க்கடையின் கூடங்கள்தான் விழா நாட்களில் கொமியான் மன்றம். காலணியைக் கழற்றிவிட்டு, பாயில் சம்மணமிட்டு, கத்தரி, வெள்ளரி, முள்ளங்கி ஊறுகாயோடு சாகே குடித்தபடி நள்ளிரவு தாண்டியும் பேச்சு. நடுவர்களும் மாணவர்களும் நகரவாசிகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மணிப்பூர் ஒலிப்பதிவாளர் ஒருவருக்குத் தஞ்சாவூர்க்காரர் தன் படத்தின் சில நிமிடங்களை மடிக்கணினியில் காட்டினார். பார்த்து முடித்த அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார். தண்ணீர் வராத வாய்க்காலைக் காட்டுகிறீர்கள், பின்னணியில் வயலின் வாசிக்கிறது, அந்த வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது அங்கே என்ன சத்தம் கேட்கும்? அந்தக் கேள்விக்குப் பிறகு படத்தின் பின்னணி இசை முழுவதையும் எடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. பம்புசெட்டின் உறுமலும் நண்டுவளைகள் நிறைந்த வெடிப்பு மண்ணை மிதிக்கும் ஓசையும்தான் இனி அதில் இருக்கும்.

1885-இல் தொடங்கிய அந்த ஊறுகாய்க்கடை, தொற்றுக்காலத்தின் அடியைத் தாங்காமல் 2020-இல் மூடப்பட்டது. 2021 விழா இணையவழியில் மட்டும் நடந்தது. 2023-இல் மக்கள் மறுபடி அரங்குகளுக்குத் திரும்பினார்கள். இதற்கெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே நிர்வாகம் நகராட்சியிடமிருந்து விலகி லாபநோக்கற்ற அமைப்பாகிவிட்டது. ஆனாலும் நகரத்தின் நிதி தொடர்ந்து வருகிறது. 2017-இல் யமகதாவை யுனெஸ்கோ திரைப்படத்துக்கான படைப்பு நகரமாக அறிவித்தது, ஜப்பானில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஊர்.

தமிழ்நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. மதுரையில் அமுதன் ஆர்.பி.யும் நண்பர்களும் மறுபக்கம் அமைப்பின் வழியாக 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறார்கள். பெருநிறுவனமோ அரசோ தாங்கிப்பிடிக்காமல் அத்தனை ஆண்டுகள் ஒரு விழாவை உயிரோடு வைத்திருப்பது பெரிய காரியம். யமகதாவில் இரண்டரை லட்சம் பேர் கொண்ட நகரம் செய்ததை இங்கே ஒரு சில தனிமனிதர்கள் தோளில் சுமக்கிறார்கள்.

தஞ்சாவூர், திண்டுக்கல், நாகர்கோவில் மூன்றுமே 2011 கணக்குப்படி இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர்கள், மூன்றும் இன்று மாநகராட்சிகள். மூன்றிலும் கல்லூரிகளும் அரங்குகளும் சினிமாமீது பிரியம் கொண்ட இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒரு மாநகராட்சியாவது தன் ஆண்டு வரவுசெலவில் ஆவணப்பட விழாவுக்கென்று ஒரு தொகையை எழுதட்டும். ஒரு வாரம் அரங்கைக் கொடுக்கட்டும், வருகிற இயக்குநர்களை ஊர் மக்கள் வீடுகளில் தங்கவைக்கட்டும், மாணவர்கள் நாளேடு போடட்டும், நாகைக் கரையின் சுனாமிப் பதிவுகளைத் தேடி எடுத்து ஓர் அறையில் காக்கட்டும். தஞ்சை மாமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும்.